குயில்ட் மாதிரி பேப்பர் ம்யூரல்: நாலு வழியில எதை எடுக்கலாம்?

பசங்க செஞ்ச பேப்பர் கட்டங்கள சேத்து சுவத்துல ஒட்டுற பெரிய படம்தான் இந்த ம்யூரல். கிளாஸ்ல 29 பேர். தலைவலியே இதுலதான் ஆரம்பிக்கும், ஏன்னா 28 பேர்னா 4க்கு 7ன்னு அடுக்கலாம், 30 பேர்னா 5க்கு 6, ஆனா 29ஐ எப்படித் திருப்பினாலும் ஒழுங்கான செவ்வகம் வராது, ஒரே வரிசையில ரயில் மாதிரி நீட்டலாம், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கட்டம்னு சந்தோஷமா சொல்லிட்டு, சுவத்துல ஒட்டப் போன அன்னிக்குத்தான் எனக்கு இது உறைச்சுது. மூலையில ஒரு ஓட்டை. கடைசியில நானே உக்காந்து ஒரு கட்டம் செஞ்சு ஒட்டினேன், அது ஒண்ணு மட்டும் டீச்சர் வேலைன்னு பத்தடி தள்ளி நின்னு பாத்தாலே தெரிஞ்சுது.

குயில்ட்னா ஒட்டுத்துணிப் போர்வை. பழைய துணிய வெட்டி ஒட்டுப்போட்டு மேல ஒரு அடுக்கு, நடுவுல பஞ்சு, கீழ ஒரு துணி, மூணையும் சேத்து தையல் ஓட்டுறது. பேப்பர்ல செய்யும்போது பஞ்சும் இல்ல, தையலும் இல்ல, அந்த மேல் அடுக்கோட டிசைன மட்டும்தான் நாம எடுத்துக்கிறோம். ஒண்ணாம் வகுப்புல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் இத எப்படிச் செய்யலாம்னு பாத்தா சுத்திச் சுத்தி நாலு வழிதான் வருது. ஒண்ணு, ஆளுக்கு ஒரு கட்டம், அவங்கவங்க இஷ்டத்துக்கு வரையலாம். ரெண்டு, ஒரு பெரிய படத்த கட்டம் கட்டமா வெட்டி ஆளுக்கொரு துண்டு குடுக்குறது. மூணு, எல்லாரும் ஒரே மாதிரி முக்கோணக் கட்டம் செஞ்சு அத அடுக்கி டிசைன் கொண்டு வர்றது. நாலு, பட்டை பட்டையா ஒட்டி பக்கத்துல இருக்குறவங்களுக்குத் தள்ளி விடுறது.

அழகுன்னு பாத்தா நாலுமே தேறும். அதனால நான் வேற ஒண்ண வெச்சுதான் பிரிக்கிறேன், "சேந்து செய்யுறோம்"னு பசங்ககிட்ட சொல்றோமே, அந்த சேர்றது எப்ப நடக்குது? சில வழியில அது சுவத்துல ஒட்டுற நாள் மட்டும்தான் நடக்குது, அதையும் பசங்க வீட்டுக்குப் போனப்புறம் டீச்சர் ஏணி மேல நின்னு செய்யுறாங்க.

முதல் வழியவே எடுத்துக்குங்க. 8 இஞ்ச் சதுரம், உனக்குப் புடிச்சத வரைஞ்சுக்கோ. ஒரே பிரியட்ல முடிஞ்சிடும், லீவு போட்ட புள்ள அடுத்த வாரம் வந்து செஞ்சு குடுத்தாலும் சேத்துக்கலாம், ஒவ்வொருத்தரும் சுவத்துக்கு முன்னாடி நின்னு "இது என்னோடது"ன்னு விரல் நீட்டலாம். வேலை கம்மி, அழுகை கம்மி. ஆனா தூரத்துல இருந்து பாத்தா நோட்டீஸ் போர்டு மாதிரிதான் இருக்கும், ஒரு கட்டத்துல ராக்கெட், பக்கத்துல பூ, அதுக்குப் பக்கத்துல வெறும் பேரு மட்டும் குண்டு எழுத்துல. ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே இருக்காது.

இந்த வழியே மட்டம்னு சொல்ல வரல. எய்ட்ஸ் நோயில இறந்தவங்க நினைவா அமெரிக்காவுல ஒரு குயில்ட் செஞ்சாங்க, 1987 அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன்ல நேஷனல் மால் மைதானத்துல முதல் தடவையா விரிச்சப்ப 1,920 துண்டு இருந்துச்சு. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, எட்டு சேத்தா 12 அடி சதுரம். உள்ள என்ன போடணும்னு யாரும் யாருக்கும் சொல்லல, அளவு மட்டும்தான் பொது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஆளுக்கானது, அதனால தனித்தனியா இருக்குறதுதான் அங்க விஷயமே. அந்த மாதிரி தனித்தனியா சொல்ல உங்க கிளாஸ்லயும் ஏதாவது இருந்தா, என் பாட்டி, நான் பயந்த நாள், இந்த மாதிரி, அப்ப இந்த வழிய கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். சும்மா "புடிச்சத வரை"ன்னா வேண்டாம். எடுத்தாலும் ரெண்டு கட்டுப்பாடு போடுங்க. மொத்த கிளாசுக்கும் நாலே கலர். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல ஒரு செ.மீ. இடைவெளி, பின்னாடி அடர்த்தியான ஒரே நிறப் பேப்பர். குயில்ட் தைக்கிறவங்க பிளாக்குக்கு, அதாவது கட்டத்துக்கு, நடுவுல பட்டைத்துணி வெச்சுத் தைப்பாங்க, நாம விடுற இடைவெளி அந்த வேலையத்தான் செய்யுது. பசங்க ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் கோணலா வெட்டுனதும் அதுல மறைஞ்சு போயிடும்.

அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் (1930–2024) பண்ணினது இன்னொரு வகை. நடுவுல பெயின்டிங், சுத்தி ஒட்டுத்துணி பார்டர், கதையையும் அதுலயே எழுதிடுவாங்க. முதல் குயில்ட 1980ல அவங்க அம்மாவோட சேந்து செஞ்சாங்க, அம்மா தையல் தெரிஞ்சவங்க. ஆளுக்கொரு கட்டம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, நடுப்படம் அவங்கவங்க வரையட்டும், சுத்தி ஒட்டுற பார்டர் துண்டுகள மட்டும் பொது டப்பாவுல இருந்து எடுக்க விடுங்க. பாதி தனி, பாதி பொது. சுவத்துல பாக்கும்போது வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ரெண்டாவது வழி, பெரிய படத்த துண்டு போடுறது, இது ஸ்கூல் ஆண்டு விழா நெருங்கும்போது எல்லாருக்கும் ஞாபகம் வர்ற வழி. வந்தவங்க பாத்த உடனே "ஓ, மரத்துல பறவை"ன்னு புரிஞ்சுக்குவாங்க, மேல இருக்குறவங்களுக்கும் திருப்தி. ஆனா படம் டீச்சரோடது, பசங்க கலர் அடிக்கிற ஆளுங்க. நீல வானம் மட்டுமே இருக்குற கட்டம் ஒரு புள்ளைக்கு வரும், அது என்ன கூட்டு முயற்சின்னு அந்தப் புள்ளகிட்டதான் கேக்கணும். ஒருத்தர் வரலைன்னா படத்துல ஓட்டை. கோடு சேராது, கிளை ஒரு கட்டத்துல முடியுற இடமும் அடுத்த கட்டத்துல ஆரம்பிக்கிற இடமும் அரை இஞ்ச் தள்ளி நிக்கும். இத சரி பண்ண ஒரு சின்ன வேலை இருக்கு, வெட்டுறதுக்கு முன்னாடியே எந்தெந்த இடத்துல கோடு ஓரத்த தாண்டுதோ அங்க ரெண்டு பக்கமும் பென்சில் புள்ளி வெச்சுடுங்க, அந்தப் புள்ளிய மட்டும் தொட்டாகணும், உள்ள எப்படி வேணா போகலாம்னு சொல்லிடுங்க. பின்னாடி வரிசை நம்பரும் மேல்பக்க அம்புக்குறியும் போட மறந்தீங்கன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கம் கெட்டுச்சு.

நான் ஒரு தடவை செஞ்சப்ப பறவையோட கண்ணு இருந்த கட்டம் ஒரு பையனுக்குப் போச்சு. அவன் கண்ண மூடி வரைஞ்சு குடுத்துட்டான். ஏன்டான்னா "அது தூங்குது"ன்னான். சில பேர் மாத்தச் சொன்னாங்க, நான் மாத்தல, அந்த மொத்தப் படத்துலயும் யாரும் எதிர்பாக்காதது அது ஒண்ணுதான். நாலாவது அஞ்சாவது படிக்கிறவங்களா இருந்து, நாளும் குறிச்சாச்சுன்னா இந்த வழி ஓகே. சின்னப் பசங்கள வெச்சு இத செய்யாதீங்க.

இப்ப நான் அதிகம் செய்யுற மூணாவது வழி. ஒரு சதுரம், குறுக்கால பாதி, ஒரு பாதி வெளிர் நிறம், ஒரு பாதி அடர் நிறம். இவ்வளவுதான் கட்டம். அஞ்சு வயசுப் புள்ளைக்கும் புரியும். ஆனா இத நாலு பக்கமும் திருப்பலாம், நாலு கட்டத்த ரெண்டுக்கு ரெண்டா வெச்சா 4×4×4×4, மொத்தம் 256 விதமா அடுக்கலாம். அடர்த்தியான பக்கம் நாலும் நடுவுல சேந்தா வைரம், ஒவ்வொண்ணையும் ஒரு கால் சுத்து சுத்திக்கிட்டே போனா காத்தாடி, ஒரே திசையில வெச்சா மலைத்தொடர் மாதிரி பட்டை. செபாஸ்டியன் ட்ரூஷேன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1704லயே இந்த குறுக்குப்பாதி ஓடுகள எத்தனை விதமா அடுக்கலாம்னு கணக்கு எழுதி வெச்சிருக்கார். அதையே நம்ம கிளாஸ்ல தரையில முட்டி போட்டுக்கிட்டு பசங்க கண்டுபிடிப்பாங்க, யாரும் சொல்லித்தர வேண்டாம், "டீச்சர் இங்க பாருங்க நட்சத்திரம் வந்துடுச்சு"ன்னு ஒரு மூலையில இருந்து கத்தல் வரும், உடனே மத்தவங்களும் அவங்க கட்டத்த திருப்ப ஆரம்பிச்சிடுவாங்க.

இதுல முக்கியமான ஒரு வேலை இருக்கு, கடையில வாங்குன கலர் பேப்பர நேரா எடுக்காம முதல் பிரியட்ல பசங்களே பேப்பருக்குப் பெயின்ட் அடிக்கட்டும். ஆளுக்கு ஒரு ஏ3, அதாவது ஏ4 மாதிரி ரெண்டு மடங்கு ஷீட். மொத்தம் 30 ஷீட் வேணும், 20 ஷீட்ல வெளிர் நிறங்கள், 10 ஷீட்ல அடர் நிறங்கள். சீப்பால இழுக்கலாம், ஸ்பாஞ்ச் வெச்சு ஒத்தலாம், பிரஷ்ஷோட பின்பக்கத்தால கிறுக்கலாம். காஞ்சதும் 5 இஞ்ச் சதுரமா வெட்டுனா ஒரு ஏ3ல சரியா 6 வரும், ஓரத்துல கொஞ்சம் மிஞ்சும். 6 இஞ்ச்னு ஆசைப்பட்டீங்கன்னா ஏ3ல ரெண்டுதான் வரும், அகலம் 12 இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு, நான் அப்படி ஒரு தடவை பாதிப் பேப்பர வீணடிச்சேன். ஆக வெளிர் சதுரம் 120, அடர் சதுரம் 60. அடர் சதுரத்த குறுக்கால வெட்டுனா 120 முக்கோணம். வெளிர் சதுரத்து மேல முக்கோணத்த ஒட்டுனா 120 கட்டம், 10க்கு 12ன்னு அடுக்குனா 50 இஞ்சுக்கு 60 இஞ்ச் சுவர் நிறைஞ்சிடும்.

இங்க கவனிங்க, 29 பேருங்கிறது பிரச்சனையே இல்லாம போச்சு. யாருக்கும் தனிக் கட்டம் கிடையாது, சீக்கிரம் முடிச்சவங்க ரெண்டு மூணு கட்டம் கூடுதலா செய்வாங்க, மெதுவா செய்யுறவங்க ரெண்டோட நிறுத்திக்கலாம், குறையுற ஒரு ஷீட்டையும் எவராவது ரெண்டாவது தடவை ஆசையா அடிச்சுக் குடுப்பாங்க. ஒருத்தர் பெயின்ட் அடிச்ச பேப்பர் இன்னொருத்தர் கையில முக்கோணமாகி மூணாவது ஆள் அடிச்ச சதுரத்து மேல போய் உக்காருது. சேர்றது சுவத்துல இல்ல, டப்பாவுலயே நடந்துடுது. பழைய சட்டை, பழைய பாவாடை எல்லாம் கலந்து ஒரு போர்வையாகுறது இப்படித்தானே.

வெட்டுறதுல ஒரு தந்திரம். சதுரத்த எல்லாம் நீங்களே பேப்பர் கட்டர்ல வெட்டிடுங்க, பசங்க முக்கோணத்த மட்டும் வெட்டட்டும். ஸ்கேல் வெச்சு கோடு போட வேண்டாம், மூலைக்கு மூலை மடிச்சு மடிப்புல வெட்டுனா போதும். கோணலா வந்தாலும் கவலை இல்ல, அடியில இருக்குற சதுரம் சரியான அளவுல இருக்குறதால தப்பு அந்தக் கட்டத்துக்குள்ளயே அடங்கிடும். ரெண்டு முக்கோணத்த பக்கத்துல பக்கத்துல வெச்சு சதுரம் ஆக்குறேன்னு போனீங்கன்னா ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு அளவுல நிக்கும், பத்தாவது கட்டத்துக்குப் போறதுக்குள்ள வரிசை ஒரு இஞ்ச் சாஞ்சிருக்கும்.

கலர் விஷயத்துல எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு. சிவப்பும் பச்சையும் வேற வேற கலர்தானே, நல்லா தெரியும்னு நினைப்போம், ஆனா ரெண்டும் ஒரே அடர்த்தியா இருந்தா தூரத்துல இருந்து பாக்கும்போது ஒரே சேறு. ஃபோன்ல கருப்பு வெள்ளையில ஒரு ஃபோட்டோ எடுத்துப் பாருங்க, முக்கோணம் தெரியலைன்னா அந்தப் பேப்பர் தப்பான குவியல்ல இருக்குன்னு அர்த்தம். அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து ஆடம்ஸ் கவுன்டியில 2001ல டோனா சூ க்ரோவ்ஸ்னு ஒருத்தங்க தானியக் கொட்டகை சுவத்துல ஒரு குயில்ட் கட்டத்த பெரிசா பெயின்ட் பண்ற வேலைய ஆரம்பிச்சு வெச்சாங்க, அது அப்படியே மத்த ஊருக்கெல்லாம் பரவிடுச்சு. அந்தக் கட்டங்கள பாத்தா பூ வேலைப்பாடு எல்லாம் இருக்காது, பெரிய பெரிய முக்கோணம், நட்சத்திரம், பளிச்சுனு ரெண்டு மூணு நிறம், ரோட்டுல போற வண்டியில இருந்து தெரியணுமே. நம்ம வராந்தா சுவருக்கும் அதே கணக்குதான்.

நாலாவது வழிதான் ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கு நான் குடுக்குறது. நடுவுல ஒரு சின்ன சதுரம் ஒட்டு, ஒரு பக்கம் ஒரு பட்டை ஒட்டு, வலது பக்கம் இருக்குறவங்களுக்குத் தள்ளு. அவங்க அடுத்த பக்கம் ஒரு பட்டை. இப்படி சுத்திச் சுத்தி வீடு கட்டுற மாதிரி வளரும். தையல்ல இதுக்கு லாக் கேபின்னு பேரு, மரக்கட்டை வீடுன்னு அர்த்தம். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஆத்து வளைவுல ஒரு ஊர், அங்க இருக்குற கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்ட பழைய டெனிம், கார்டுராய் துணியில எல்லாம் இதே மாதிரி சதுரத்துக்குள்ள சதுரமா தைச்சிருக்காங்க, அவங்க அத ஹவுஸ்டாப்னு, அதாவது வீட்டுக்கூரைன்னு சொல்றாங்க. 2002ல நியூயார்க் விட்னி மியூசியத்துல வெச்சாங்க, 2006ல அமெரிக்கத் தபால்தலையிலயும் வந்துச்சு. அதுல கோடு நேரா இருக்காது, பட்டை ஒரு பக்கம் தடிமனா ஒரு பக்கம் மெலிசா போகும், அழகே அந்த வளைசல்தான். கத்தரிக்கோல் இன்னும் கைக்கு வராத ஆறு வயசுப் புள்ளைங்களுக்கு இத விட நல்ல உதாரணம் கிடையாது. அளக்க வேண்டாம், பட்டை நீளமா இருந்தா வெட்டி விட்டா சரி.

குறை இல்லாமலும் இல்ல. "நான் ஆரம்பிச்சது எங்க போச்சு"ன்னு ரெண்டு பேராவது கண்ணு கலங்குவாங்க, முன்னாடியே சொல்லி வெச்சாலும் கலங்குவாங்க. பிளாக் எல்லாம் வேற வேற அளவுல முடியும், அத ஓரத்துல நீங்கதான் வெட்டி ஒரே அளவுக்குக் கொண்டு வரணும், அப்ப யாரோ ஆசையா ஒட்டுன தங்கக் கலர் பட்டை போயிடும். வெட்டாம இருக்கணும்னா 8 இஞ்ச் சதுர அட்டைய முதல்லயே குடுத்து அதுக்குள்ள நிரப்பச் சொல்லிடலாம். மூணாவது வழியில கிடைக்கிற அந்த நட்சத்திரம் கண்டுபிடிக்கிற சந்தோஷமும் இதுல வராது, டிசைன் கையில வளருமே தவிர சுவத்துல வளராது. ஆனா நாற்பது நிமிஷ பிரியட் ரெண்டே போதும், முக்கோண வழிக்கு நாலு வேணும்.

இடையில ஒண்ணு சொல்லிடுறேன். குயில்ட் பாடம்னாலே அமெரிக்காவுல அடிமைகளா இருந்தவங்க தப்பிச்சுப் போறதுக்கு குயில்ட் டிசைன்ல ரகசியக் குறிப்பு வெச்சாங்கன்னு ஒரு கதை கூடவே வரும். கேக்க அருமையா இருக்கும், பசங்களும் வாயப் பொளந்துக்கிட்டு கேப்பாங்க. ஆனா அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லைன்னு வரலாற்று ஆய்வாளர்கள் பல பேர் அத ஏத்துக்கல. சொல்லணும்னா கதைன்னு சொல்லுங்க, வரலாறுன்னு சொல்லாதீங்க. கீஸ் பெண்ட்ல பழைய துணியில தைச்ச உண்மையே போதுமான அளவு பெருசு.

எந்த வழின்னாலும் பசைக்கு ஒரே சட்டம்தான். வெள்ளைப் பசையில தண்ணி இருக்கு, பேப்பர் அத குடிச்சு ஊதும், காயும்போது சருகு மாதிரி சுருண்டுக்கும். அதனால பசங்க கையில க்ளூ ஸ்டிக் மட்டும். சாதா 80 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்துக்கான அளவு) பேப்பர்ல பெயின்ட் அடிச்சா அதுவே அலை அலையா நிக்கும், 150 ஜிஎஸ்எம் மாதிரி கனமானதா எடுங்க. காஞ்ச ஷீட்ட ஒரு ராத்திரி கனமான புக்குங்களுக்கு அடியில வெச்சிடுங்க. வெயில் நேரா அடிக்கிற சுவர் வேண்டாம், சாதாரண கலர் பேப்பர் கொஞ்ச நாள்லயே வெளுத்துப் போகும். மொத்தத்தையும் ஒரே பெரிய பேப்பர்ல ஒட்டி தூக்கலாம்னு நினைக்காதீங்க, நடுவுல மடங்கும். நீள நீளமா பத்திகளா ஒட்டி ஒவ்வொண்ணா மாட்டுங்க, நடுப் பத்தியில ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போங்க, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சா சாய்வு கூடிக்கிட்டே போகும்.

என்கிட்ட கேட்டா, எட்டு வயசுக்கு மேலன்னா முக்கோணம், அதுக்குக் கீழன்னா பட்டை. ஒரே ஒரு பிரியட்தான் இருக்குன்னா ஆளுக்கொரு கட்டம், அதுவும் நாலு கலர் கட்டுப்பாட்டோட. பெரிய படம் உங்களுக்கு வேற வழியே இல்லாதப்ப.

அப்புறம், கழட்டுற நாள். இத மட்டும் ஆரம்பிக்கிற அன்னிக்கே பசங்ககிட்ட பேசிடுங்க. ஆளுக்கொரு கட்டம்னா பிரச்சனை இல்ல, அவங்கவங்க எடுத்துட்டுப் போவாங்க. முக்கோணத்துல எது யாரோடதுன்னு கேள்வியே தப்பு, நாங்க சீட்டு குலுக்கிப் போட்டு ஆளுக்கு நாலு கட்டம் குடுத்தோம். ஒட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாடியும் பெயின்ட் அடிச்சவங்க பேரு, சதுரத்துக்குப் பின்னாடி ஒட்டினவங்க பேரும் எழுதி வெச்சிருந்தா வீட்டுக்குப் போற கட்டத்துல மூணு பேரு இருக்கும், முக்கோணத்தோட பின்பக்கத்துப் பேரு மட்டும் பசைக்கு அடியில போயிடும். பென்சில்ல எழுதச் சொல்லுங்க, மார்க்கர்னா முன்பக்கம் கசிஞ்சுடும்.